துணை பட்ஜெட்டும் நமது பாக்கி பில்லும்

"துணை பட்ஜெட் போடுகிறார்களாமே, எதற்கெல்லாம் வரி ஏறப் போகிறதோ?" என்று கேட்டுக்கொண்டு ஐயப்பன்தாங்கல் மளிகைக்கடை உறுப்பினர் ஒருவர் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். விலை ஏறுமுன் நாலு மூட்டை சரக்கு கூடுதலாகப் போட்டு வைக்கலாமா என்பது அவர் யோசனை. வேண்டாம் என்றோம். துணை பட்ஜெட் என்று நாம் சொல்லும் துணை மதிப்பீட்டில் வரி எதுவும் கிடையாது. அரசு கூடுதலாகச் செலவு செய்யப் பேரவையிடம் கேட்கும் அனுமதிதான் அது. ஜி.எஸ்.டி. விகிதமோ, ஜி.எஸ்.டி. மன்றத்தின் பரிந்துரைப்படி மாறுவது.

அவருடைய இரண்டாவது கேள்விதான் விஷயமுள்ளது. அரசு விடுதி ஒன்றுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்த வகையில் நாலு மாதப் பாக்கி நிற்கிறது. போய்க் கேட்டால், "ஒதுக்கீடு வரவில்லை" என்று ஒரே பதில். அந்த ஒதுக்கீடு வரும் வழியை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பேரவை ஒப்பளித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் திரள்நிதியிலிருந்து எடுக்க முடியாது. ஆண்டின் நடுவில் பணம் போதாமல் போனாலோ, பட்ஜெட்டில் இல்லாத புதுப்பணி வந்தாலோ, அரசியலமைப்பின் 205-ஆவது பிரிவின்படி துணை மதிப்பீடு வைக்க வேண்டும். துறைகள் தங்கள் தேவையை நிதித்துறைக்கு எழுதும். நிதித்துறை வெட்டியது போக மிஞ்சுவது அச்சேறும். ஆளுநரின் பரிந்துரையோடு நிதியமைச்சர் அதைப் பேரவையில் வைப்பார். பிறகு விவாதம், மானியக் கோரிக்கைகள் மீது வாக்கெடுப்பு. கடன் வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்ற இனங்களைப் பற்றிப் பேசலாம், வாக்கெடுப்பு இல்லை. கடைசியாக நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. இதில் தொகையை மாற்றும் திருத்தம் கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே போய்விட்டதால், பேரவை முடித்தால் ஆளுநரின் ஒப்புதல்தான் பாக்கி.

இதற்கெல்லாம் மாதக்கணக்காகும் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி தங்கம் தென்னரசு சுமார் 3,531 கோடி ரூபாய்க்குத் துணை மதிப்பீடு வைத்தார், மறுநாளே நிறைவேறிவிட்டது. இத்தனை கோடிக்கு ஒரு நாள் விவாதம் போதுமா என்று நமக்குத் தோன்றுவது வேறு விஷயம். தாமதமெல்லாம் அதற்கு முன்னால், கோப்பு துறைக்கும் நிதித்துறைக்கும் நடக்கும்போதுதான்.

காத்திருக்க முடியாத செலவும் உண்டு. அதற்கு எதிர்பாராச் செலவு நிதியம் இருக்கிறது. அதில் முன்பணம் எடுத்துச் செலவழித்துவிட்டு, பின்னால் துணை மதிப்பீட்டில் ஈடுகட்டுவார்கள். கல்லாவில் எடுத்துச் செலவு செய்துவிட்டு, இரவு முதலாளியிடம் கணக்கு காட்டி ஒப்புதல் வாங்குகிறோமே, அது போலத்தான். 2020-இல் கொரோனா செலவுகள் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, செப்டம்பரில் கலைவாணர் அரங்கில் கூடிய பேரவையில்தான் ஓ. பன்னீர்செல்வம் 12,845 கோடி ரூபாய்க்குத் துணை மதிப்பீடு வைத்தார்.

ஆகவே "ஒதுக்கீடு வரவில்லை" என்றால் அத்துடன் திரும்பிவிடக் கூடாது. பட்ஜெட்டிலேயே உள்ள பணம் மேலிடத்திலிருந்து பிரித்து வராமல் நிற்கிறதா, அல்லது தொகையே தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். முன்னதானால் துறையின் உத்தரவே போதும். பின்னதானால், எந்தக் கணக்குத் தலைப்பில் கூடுதல் தொகை கேட்டு எழுதியிருக்கிறார்கள், இறுதித் துணை மதிப்பீட்டில் அது சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். அது நிதியாண்டு முடிவதற்குள் வருவது. மார்ச் 31 தாண்டினால் செலவாகாத ஒப்பளிப்பு காலாவதியாகிவிடும். மறு ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்துதான் வாங்க வேண்டிவரும். எனவே பில்லையும் சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்தையும் முன்கூட்டியே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உறுப்பினர் மறுபடி போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கூடுதல் தொகை கேட்டு அங்கிருந்து யாரும் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது எழுதியிருக்கிறார்கள்.