பற்சக்கரம் ஒழிந்த கதை

1961ஆம் ஆண்டு வரை மேசைக் கணக்கு யந்திரங்களில் பெரும்பாலானவை பற்சக்கரங்களால் இயங்கின. ஒரு பெருக்கலை முடிப்பதற்குள் அவை எழுப்பும் ஓசை காதைத் துளைக்கும். அவ்வாண்டில் இங்கிலாந்தின் பெல் பஞ்ச் நிறுவனம் வெளியிட்ட ‘அனிதா’ அவ்வோசையை ஒழித்தது. முழுவதும் மின்னணு முறையில் இயங்கி விற்பனைக்கு வந்த முதல் மேசைக் கணக்கு யந்திரம் இதுவே.

இது எவ்வாறு கணக்கிட்டது? பற்களுக்குப் பதிலாக, வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் மின் துடிப்புகளை எண்ணின. ஓரிடத்தில் பத்து நிறைந்ததும், இடப்பக்கத்து இடத்திற்கு ஒன்று சென்றது. நம் மாணவர் ‘மீதி ஒன்று’ என்பதும் இதுவேயன்றோ! பெருக்கல் என்பதும் தொடர்ந்த கூட்டலே. 23ஐ 14ஆல் பெருக்க வேண்டுமாயின், 23ஐ நான்கு முறை கூட்டினால் 92; ஓரிடம் தள்ளி ஒருமுறை கூட்டினால் 230; ஆக 322.

1964இல் ஜப்பானின் ஹயகாவா நிறுவனம் (பின்னாளைய ஷார்ப்) குழாய்களை விடுத்து டிரான்சிஸ்டர்களால் ஒரு யந்திரம் செய்தது. அதன் எடை 25 கிலோ. விலை 5,35,000 யென். 1971இலோ, பிசிகாம் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கு யந்திரத்திற்காக இன்டெல் உருவாக்கிய சில்லு ஒன்றிலேயே ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கின.

யந்திரம் சுருங்கிற்று, நம் பொறுப்போ சுருங்கவில்லை. 14க்குப் பதில் 41 என்று அழுத்தினால், அது தயங்காமல் 943 என்றே காட்டும். இருபதைப் பதினைந்தால் பெருக்கினால் முந்நூறு என்று மனத்தால் மதிப்பிடத் தெரிந்த மாணவனே அப்பிழையைக் காண்பான். வாய்ப்பாட்டை இன்றும் கற்பிப்பது இதன் பொருட்டே.