‘ம்’ கொட்ட ஆள் வேண்டும்

கதை சொல்ல என் ஆச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போடுவாள்: ‘ம்’ கொட்ட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம், கரண்ட் போன இரவுகளில், திண்ணையில் நடக்கும் கதை அது. நாலு வாக்கியத்துக்கு ஒரு ‘ம்’ வராவிட்டால் ராஜகுமாரன் குதிரையோடு அப்படியே நிற்பான். “தூங்கிட்டியாலே?” என்று முதுகில் ஒரு தட்டு விழும். நான் விழித்திருக்கிறேனா என்று வேவு பார்க்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த ‘ம்’ எனக்காக அல்ல, கதைக்காக என்பது கனடாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் விளங்கியது.

விக்டோரியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜேனட் பவேலாஸும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய சொந்த அனுபவத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார்கள்: ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்கள் கதையில் எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் கதை மனதில் ஏறாது. குரூரமான உத்திதான்.

விளைவு, கெட்டுப்போனது கதை சொன்னவர்களின் பேச்சு. அதுவும் உச்சக்கட்டத்தில். முடிவு சட்டென்று விழாமல் இழுத்தது. முடித்த பிறகும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அது ஏன் ஆபத்து என்று விளக்கம் வேறு கொடுத்தார்கள். நாம் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்காதபோது, “இல்ல, அவன் என்ன சொன்னான்னா...” என்று மறுபடி ஆரம்பிப்போமே, அந்தத் தவிப்புதான்.

கேட்பவரின் எதிர்வினைகளை அந்த ஆய்வு இரண்டாகப் பிரித்தது. ‘ம்’, தலையசைப்பு போன்றவை எந்தக் கதைக்கும் பொருந்தும். “ஐயையோ!” என்று முகம் சுளிப்பது அந்தக் கதையின் அந்த நொடிக்கு மட்டுமே பொருந்தும். சொற்களை எண்ணியவர்களிடம் இரண்டுமே குறைந்தன. இரண்டாவது வகை ஏறக்குறைய காணாமலே போனது. அலுவலகக் கூட்டத்தில் செல்போனைப் பார்த்தபடி தலையாட்டுபவர்களை ஏன் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ‘ம்’மைப் பழக்கத்தில் போட்டுவிடலாம், ‘ஐயையோ’வைச் சரியான இடத்தில் போட முடியாது.

கேட்பவர் சும்மா இருப்பதில்லை என்பதற்கு நேரக் கணக்கும் சாட்சி. டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் 2009இல் வெளியான ஆய்வு, 10 மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளியை அளந்தது. சராசரி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படத்தைப் பார்த்து ‘பூனை’ என்று சொல்லவே அரை விநாடிக்கு மேல் பிடிக்கும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நம் பதில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பத்தில் சட்டென்று பதில் சொன்னவர்கள் ஜப்பானியர்கள்.

ஜப்பானிய மொழியில் ‘ம்’ கொட்டுவதற்கு ‘அய்ஸுச்சி’ என்று தனிப் பெயரே உண்டு. கொல்லனும் உதவியாளரும் பழுத்த இரும்பின்மேல் மாறி மாறிச் சம்மட்டி போடுவதைக் குறித்த சொல். நம் வில்லுப்பாட்டில் ஒருவர் கதையை எடுத்துவிட, உடன் இருப்பவர்கள் “ஆமா” போட்டு நகர்த்துவதும் இதே தொழில்தான். மேடையில் அதற்கென்று ஆளையே உட்கார வைத்த நம்மவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

செல்போனில் மூன்று நொடி மௌனம் வந்தால் “லைன்ல இருக்கீங்களா?” என்கிறோம். இணைப்பில் குரல் தாமதமாக வந்தால் இன்னும் மோசம். வேண்டுமென்றே குரலைத் தாமதப்படுத்திப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மறுமுனையில் இருப்பவருக்குக் கவனம் போதாது என்று பேசியவர்கள் மதிப்பிட்டார்கள். பழுது கம்பியில், பழி மனிதர்மேல்.

கடைசிக் காலத்தில் ஆச்சிக்குக் காது அடைத்துவிட்டது. ‘ம்’ கேட்காது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவாள். விரலால் அழுத்தினால்தான் குதிரை நகரும்.