கல்லீரல் கிருமியும் இரத்தக் குழாய் அழற்சியும்

முழங்காலுக்குக் கீழே செந்நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. விரலால் அழுத்தினாலும் அவை மறைவதில்லை. சில நாட்களில் பழுப்பேறி மங்குகின்றன. பின்னர்ப் புதியவை எழுகின்றன. மூட்டு வலியும் சோர்வும் பாதங்களில் மதமதப்பும் உடன் சேர்ந்துகொள்கின்றன. தெற்கேயிருந்து வந்து டில்லியிலே குடியிருக்கும் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், ‘இவ்வூர்க் குளிரும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கூறிக் களிம்பு தடவிக்கொள்வது இயல்பே. ஆனால், நேயர்களே, இந்நோயின் வேர் சில வேளைகளில் தோலில் இருப்பதில்லை, கல்லீரலில் இருக்கிறது.

ஹெபடைடிஸ் ‘சி’ என்னும் வைரஸ் 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தூய்மையற்ற ஊசி, சோதிக்கப்படாத இரத்தம் ஆகியவற்றின் வழியே புகும் அது, பல ஆண்டுகள் யாதொரு குறியும் காட்டாமல் கல்லீரலில் தங்கக்கூடும். அதனை எதிர்க்க உடல் இடையறாது புரதங்களை ஆக்குகிறது. சிலரிடத்தில் இப்புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, குளிர்ச்சியில் திரளும் தன்மை பெறுகின்றன. இவற்றுக்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர். இவை நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அங்கே கசியும் இரத்தமே காலில் புள்ளியாகத் தெரிகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் புரதமும் இரத்தமும் கலக்கும். நரம்பு பாதிக்கப்பட்டால் மதமதப்பும் எரிச்சலும் ஏற்படும்.

இப்புரதத்தைக் கண்டறியும் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. எடுத்த இரத்தத்தை 37 டிகிரி சூட்டிலேயே சோதனைச்சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியில் குளிர்ந்துவிட்டால் புரதம் முன்னதாகவே திரண்டு ஒதுங்கிவிடும். நோய் இருந்தும் இல்லையென்று விடை வரும்.

சிகிச்சைக்கு இரு பக்கங்கள் உள்ளன. முதலாவது, வேரைக் களைவது. முன்னாளில் இண்டர்பெரான் ஊசியை மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தது. துன்பம் மிகுதி, பயன் குறைவு. இன்று சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் உண்டால் போதும். மிகப் பலருக்கு வைரஸ் அறவே நீங்குகிறது. அது நீங்கவே, பலருக்கு அழற்சியும் தணிகிறது. இரண்டாவது, எரியும் தீயை அணைப்பது. சிறுநீரகமோ நரம்போ கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தால் 12 வாரம் காத்திருத்தல் தகாது. ஸ்டீராய்டு, ரிடக்சிமாப் ஆகியவற்றை மருத்துவர் உடன் அளிப்பர். முன்னதாக ஹெபடைடிஸ் ‘பி’ உண்டா என்றும் சோதிப்பர். மறைந்திருக்கும் அது, இச்சிகிச்சையின்போது தலைதூக்கக்கூடும்.

வைரஸ் நீங்கிய பின்னரும் சிலருக்குப் புரதம் இரத்தத்தில் நீடிப்பதுண்டு. மதமதப்பு மெல்லத்தான் குறையும். ஆகவே புள்ளி மறைந்துவிட்டதென்று மருத்துவரை மறந்துவிடலாகாது.

2018ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், ஹெபடைடிஸ் ‘சி’க்கான சோதனையும் மாத்திரையும் நாடெங்கும் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேற்று மாநிலத்து மருத்துவர் நம் பழைய வரலாற்றை அறியமாட்டார். என்றோ சொந்த ஊரில் ஏற்றிக்கொண்ட இரத்தத்தையும், போட்டுக்கொண்ட ஊசியையும் நாமே நினைவுகூர்ந்து அவரிடம் சொல்லுதல் வேண்டும். அவ்வொரு சொல், சிறுநீரகத்தைக் காக்கும் சொல்லாக அமையலாம்.