மருந்து விளைத்த வடு

வடு என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மாவின் பிஞ்சும் வடு. புண் ஆறியபின் நிற்கும் தழும்பும் வடு. ஒருவன்மேல் நிற்கும் குற்றமும் வடு. இவற்றுள் தழும்பைக் குறித்தே ஈண்டுச் சிறிது கூற விரும்புகின்றோம். அதுவும் வாளாலோ வேலாலோ நேர்ந்த தழும்பன்று. உயிர் காக்கும்பொருட்டுப் பல்லாண்டு செய்யப்பட்ட சிகிச்சையினாலேயே வயிற்றினுள் உண்டாகும் தழும்பாகும். யாம் மருத்துவ மாணாக்கர் அல்லேம், இலக்கியம் பயில்வோரே. ஆயினும், நோய் தீர்க்கும் மருந்தே மற்றொரு நோய்க்கு வித்தாகுமாயின், அறிஞர் அதனை எங்ஙனம் எதிர்கொள்கின்றனர் என்பது யாவரும் அறியத்தக்கதன்றோ?

நம் சிறுநீரகங்கள் இரண்டும் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்றும் வடிக்கின்றன. அதிற் பெரும்பகுதியை மீட்டும் இரத்தத்திற்கே அளித்து, கழிவோடு கூடிய ஒன்றிரண்டு லிட்டரை மாத்திரம் சிறுநீராக வெளிப்படுத்துகின்றன. இவை முற்றும் செயலற்றுப்போயின் மனிதன் நெடுநாள் வாழ்தல் அரிது. ஆதலின், இவற்றின் தொழிலைச் செயற்கையாற் செய்விக்கும் முறையொன்று வேண்டியதாயிற்று. மெல்லிய சவ்வின் வழியே சிறிய பொருள்கள் கடந்து செல்லப் பெரியன தங்கிவிடுகின்றன என்னும் உண்மையை ஆராய்ந்த ஸ்காட்லாந்து இரசாயன அறிஞர் தாமஸ் கிரஹாம், அச்செயலுக்கு 1861 ஆம் ஆண்டில் டயாலிஸிஸ் என்று பெயரிட்டார். 1943 இல் ஹாலந்து தேசத்து வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செல்லோபேன் குழாயைக்கொண்டு இரத்தத்தைத் தூய்மையாக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அவர்தம் முதல் நோயாளிகளுட் பெரும்பாலோர் மாண்டனர். 1945 இல் 67 வயதுடைய மாது ஒருவர் பிழைத்தார்.

இயந்திரச் சவ்வுக்குப் பதிலாக உடம்பிலுள்ள சவ்வையே பயன்படுத்துதல் இரண்டாவது முறை. வயிற்றறையின் உட்புறத்தையும் குடல் முதலிய உறுப்புக்களையும் போர்த்திநிற்கும் மெல்லிய உறையொன்று உண்டு. அதனைப் பெரிட்டோனியம் என்பர். 1923 இல் ஜெர்மனியில் கியோர்க் கான்டர் என்பவர் இவ்வுறையைக் கொண்டு இரத்தத்தைச் சுத்திசெய்ய முயன்றார். 1968 இல் ஹென்றி டென்காஃப் நெடுநாள் வயிற்றிற் பொருந்தியிருக்கத்தக்க மென்குழாயை அமைத்தார். 1976 இல் அமெரிக்காவில் போபோவிச், மான்க்ரீஃப் என்னும் இருவர், நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே சுத்திகரிப்பு நிகழும் முறையை வகுத்தனர். இம்முறையில் நோயாளி தம் இல்லத்திலிருந்தபடியே ஏறக்குறைய 2 லிட்டர் திரவத்தை வயிற்றினுட் செலுத்திச் சில மணி நேரம் தங்கவைத்து வெளியேற்றுவர். நாளொன்றுக்கு நான்கு முறை இங்ஙனம் செய்தல் வழக்கம். இயந்திரத்தின் அருகே கட்டுண்டு கிடக்க வேண்டுவதில்லை. தொழில் செய்வோர்க்கும் தொலைவில் வாழ்வோர்க்கும் இஃது பேருதவியாயிற்று.

ஆயின், இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. உடம்பினின்று மிகையான நீரை ஈர்த்தற்பொருட்டு அத்திரவத்திற் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை சேர்க்கப்படுகின்றது. இரத்தத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.1 பங்கே உள்ள அச்சர்க்கரை, இத்திரவத்தில் 1.36 முதல் 3.86 பங்குவரை உள்ளது. கிருமி நீக்கும்பொருட்டுக் காய்ச்சுங்கால் அச்சர்க்கரை சிதைந்து நச்சுப்பொருள்கள் சிலவும் பிறக்கின்றன. பழைய திரவங்களோ புளிப்புத்தன்மையும் உடையன. இவையெல்லாம் ஒற்றை வரிசையாய் அமைந்த உறையின் மேல் உயிரணுக்களை நாள்தோறும் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தை உடம்பு ஆற்ற முயல்கின்றது. ஆறுவதற்கு முன்னரே மீண்டும் புண் நேர்கின்றது. இங்ஙனம் முடிவின்றி நிகழும் ஆற்றுதலே தழும்பாகத் தடிக்கின்றது.

இதனை அளந்தும் கண்டுள்ளனர். ஒரு மில்லிமீட்டரை 1000 கூறாக்கினால், நலமுடையோரிடத்து இவ்வுறையின் கீழுள்ள நார்ப்படலத்தின் தடிப்பு 50 கூறளவே. எட்டாண்டுக்கு மேல் இச்சிகிச்சை பெற்றோரிடத்து அது 700 கூறளவாயிருந்தது என 2002 இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். காக்க வேண்டிய மேலணுக்களே உருமாறித் தழும்பு நெய்யும் அணுக்களாகின்றன என்பதை 2003 இல் ஸ்பெயின் தேசத்து அறிஞர் காட்டினர். தடித்த உறையிற் புதிய இரத்தக்குழல்களும் மலிவதால், சர்க்கரை விரைவில் இரத்தத்தினுட் சென்றுவிட, நீரை ஈர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது.

இதனினும் கொடியது, தழும்பு குடலைப் பட்டுக்கூடுபோற் சுற்றி இறுக்கிவிடும் நிலை. அப்பொழுது உண்ட உணவு செல்ல வழியின்றி வாந்தியும் மெலிவும் உண்டாகி, உயிர்க்கே இறுதி நேர்தலும் உண்டு. இஃது அரிதே. ஜப்பானில் 1,958 நோயாளிகளைத் தொடர்ந்து கண்ட ஆராய்ச்சியொன்று, நூற்றுக்கு 2.5 பேர் இதற்கு ஆளாயினர் என்று 2004 இல் தெரிவித்தது. ஆயினும், சிகிச்சை பெற்ற காலம் 15 ஆண்டைக் கடந்தோரிடத்து இது நூற்றுக்கு 17.2 ஆக உயர்ந்தது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தல் அங்கே மிக அருமையாதலின், பலர் நெடுங்காலம் இம்முறையிலேயே வாழ நேர்ந்தது.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். முதலாவது, திரவத்தையே திருத்துதல். சர்க்கரையையும் பிற உப்புக்களையும் தனித்தனி அறைகளிற் காய்ச்சிப் பின்னர்க் கலப்பதால் நச்சுப்பொருள் குறைந்து புளிப்பும் நீங்குகின்றது. இத்தகைய திரவத்தைப் பயன்படுத்திய 1,338 ஜப்பானிய நோயாளிகளுள் 14 பேரே குடலிறுக்கத்திற்கு ஆளாயினர் என 2014 இல் வெளியாயிற்று. மாவுப்பொருளினின்று செய்யப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருளையும் குளுக்கோஸுக்கு மாற்றாக ஒரு வேளைக்கு வழங்குகின்றனர்.

இரண்டாவது, கத்தி. குடலைச் சுற்றிய தழும்பை மிக்க பொறுமையோடு உரித்தெடுக்கும் அறுவையை ஜப்பானிய மருத்துவர் கவானிஷி முதலியோர் வளர்த்தனர். கை சிறிது தவறினும் குடல் துளைபடுமாதலின், இதிற் பழகியவரே இதனைச் செய்யத்தக்கவர்.

மூன்றாவது, மருந்து. மார்புப் புற்றுநோய்க்கு வழங்கும் டமாக்ஸிஃபென், தழும்பைத் தடுக்குமோ என ஆராயப்பட்டது. ஹாலந்தில் 63 நோயாளிகளின் பழைய குறிப்புக்களை ஒப்பிட்டபொழுது, அதனைப் பெற்றோருள் நூற்றுக்கு 45.8 பேரும், பெறாதாருள் 74.4 பேரும் இறந்தமை 2011 இல் தெரியவந்தது. எனினும், பழங்குறிப்புக்களை ஒப்பிடுதல் வேறு. முன்னரே வகுத்துச் சோதித்தல் வேறு. நோய் அரிதாதலின், சோதனைக்கு வேண்டிய அளவு நோயாளிகளை ஒருங்கு சேர்த்தல் எளிதன்று.

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. தழும்பை வளர்க்கும் முதன்மைப் பொருள் டி.ஜி.எஃப். பீட்டா என்பது. அதனை அறவே அடக்கிவிடலாகாதோ எனின், ஆகாது. பிறவியிலேயே அப்பொருளைப் பெறாத எலிகள் கடும் அழற்சியாற் சில வாரங்களில் மாண்டன என்பது 1992 இற் கண்ட உண்மை. புண்ணை ஆற்றுவதும் அதுவே. அளவிறந்து ஆற்றிக் கேடு விளைப்பதும் அதுவே. ஆகவே, அதனை ஒழித்தலன்று, அளவில் நிறுத்துதலே ஆராய்ச்சியாளர் தேடும் வழி. நீரிழிவுக்கு வழங்கும் மருந்துகள் சில எலிகளிடத்து இவ்வுறையின் தடிப்பைக் குறைத்தமை அண்மையில் நம்பிக்கை தந்துள்ளது. எலிக்குற்றது மனிதர்க்கும் உறுமோ என்பது சோதனையாலேயே துணியப்படும்.

இச்சிகிச்சையினாற் பல்லாயிரவர் தம் மக்களோடும் மனைவியோடும் இன்னும் சில ஆண்டுகள் வாழப் பெற்றனர். அங்ஙனம் வாழ்ந்தமையாலன்றோ இவ்வடுவும் வெளிப்பட்டது! தம் மருந்து உயிர் காத்ததென்று மகிழ்ந்து அமையாமல், அதன்கண் உள்ள வடுவையும் தாமே தேடிக் கண்டு, உலகறியக் கூறி, அதனைக் களைய முயலும் அறிஞர்தம் நேர்மை எல்லாத் துறையினர்க்கும் வேண்டுவதொன்றாம்.