மீன் தொட்டிக்கு உறை ஊற்றுவது எப்படி?

பத்து நாளில் பதிமூன்று கொலைகள் செய்திருக்கிறேன். போலீஸில் யாரும் புகார் தரவில்லை. விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், நாலாவது படிக்கும் மகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததுதான் இந்தக் கதையில் எனக்கு அவமானமான பகுதி.

மீன் தொட்டி வாங்கித் தருவதாக மூன்று பிறந்த நாள்களாக அவளுக்கு வாக்குக் கொடுத்து வந்தேன். பி.காம். படித்து, நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான். ஒரு செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தரவேண்டாம். ஆனால் நாலாவது பிறந்த நாளில் பாச்சா பலிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்கு வண்டியை விட்டோம்.

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூரைத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன இடம். நல்லி கடைக்குள் நுழைந்த பெண்மணி மாதிரி ஆகிவிட்டேன். எதைப் பார்த்தாலும் 'இதுவும் ஒண்ணு போடுங்க!'

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கலர் கல், வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் முதலை. அப்புறம் மீன்கள்: கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, மாலி நாலு, நியான் டெட்ரா ஐந்து, 'கண்ணாடியை அதுவே க்ளீன் பண்ணிடும்' என்ற சிபாரிசோடு ஒரு சக்கர் மீன். ஆக மொத்தம் பதினாலு உருப்படி.

"இன்னிக்கே விடலாங்களா?"

"தாராளமா விடுங்க சார். ஒண்ணும் ஆவாது."

மூன்றாம் நாள் காலை இரண்டு நியான் மிதந்தன. மகள் பல் தேய்ப்பதற்குள் அப்புறப்படுத்தினேன். "ரெண்டு குறையுதேப்பா?" என்றாள். "முதலைக்குப் பின்னாடி தூங்குதும்மா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

ஐந்தாம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. சுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டி, மொத்தத் தண்ணீரையும் கொட்டினேன். கல்லைத் தேய்த்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, புதுசு மாதிரி வரும்வரை பிழிந்தேன். குழாய்த் தண்ணீரையே நேராகப் பிடித்து நிரப்பினேன். மறுநாள் காலை ஐந்து பேர் அவுட். பத்தாம் நாள் சக்கர் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

மகள் தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்:

"அப்பா, முதலைக்குப் பின்னாடி எல்லாருமா தூங்குறாங்க?"

நான் கணக்கு எழுதும் ஒரு ஹார்டுவேர் கடையின் கோடவுனில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷமாக ஒரு தொட்டி ஓட்டுகிறார். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. அவரிடம் போய் வாக்குமூலம் கொடுத்தேன்.

"தம்பி, வீட்டுல பாலுக்கு உறை ஊத்துவாங்கள்லா?"

"ஊத்துவாங்க அண்ணாச்சி."

"ஊத்துன அஞ்சாவது நிமிஷம் தட்டுல தயிர் கேட்டா கெடைக்குமா?"

"எப்படிக் கிடைக்கும்?"

"நீங்க அதத்தான் கேட்டிருக்கீங்க. அதுவும் உறையே ஊத்தாம!"

விஷயம் இதுதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம். ஆற்றில் என்றால் அடித்துக்கொண்டு போய்விடும். என் தொட்டி பிடிப்பது ஐம்பது லிட்டர். அதில் எங்கே போகும்?

இதை ஓர் ஆபீஸாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மேஜையில் ஒரு வகை பாக்டீரியா. அம்மோனியா ஃபைலை வாங்கி நைட்ரைட்டாக மாற்றி அடுத்த மேஜைக்குத் தள்ளும். நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இரண்டாம் மேஜையில் இன்னொரு வகை. நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் கொஞ்சம் சாது. வாரா வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அதுவும் அளவோடு நிற்கும்.

இரண்டாம் மேஜைக்காரரின் பெயர் நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்கள் எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு மேஜை வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் நைட்ரோஸ்பைராவையே கண்டுபிடித்தார்கள். நம் ஆபீஸ்களில் அப்படி ஒருவர் இருந்தால் உடனே டிரான்ஸ்ஃபர்தான்!

புதுத் தொட்டியில் எல்லா மேஜையும் காலி. ஆள் வந்து ஜாயின் பண்ணி, வேலை சூடு பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ முதல் நாளே பதினாலு ஃபைல் அனுப்பினேன். ஐந்தாம் நாள், அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த நாலு பேரையும் குழாயடியில் கொன்றேன். ஆமாம். அந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சின் துளைகளிலும் கல்லிலும்தான் குடியிருக்கின்றன. கிருமியைக் கொல்லத்தான் குடிநீரில் குளோரின் போடுகிறார்கள். அது நல்ல கிருமியா, கெட்ட கிருமியா என்று ரேஷன் கார்டு பார்க்காது. மீனின் செவுளையும் விடாது.

ஃபில்டர் என்றால் அழுக்கு பிடிக்கும் வடிகட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதி வேலை. மீதிப் பாதி, இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கு வீடும் காற்றும் கொடுப்பது. அந்தக் கூட்டத்தை நாம் வளர்த்தால் போதும், மீனை அது வளர்த்துவிடும்.

அண்ணாச்சி தன் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்தார். கறுப்பாக, கொழகொழவென்று இருந்தது. கத்தரியால் பாதியாக வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடே ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"காய விட்றாதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க. இதான் உறை."

"மீன் எப்ப விடலாம் அண்ணாச்சி?"

"பாப்பா சொல்லட்டும்."

அன்று சாயங்காலம் மகளை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். முதலைக்குப் பின்னால் யாரும் தூங்கவில்லை, அப்பாவுக்குத் தெரியாமல் செய்த தப்பில் எல்லாம் செத்துப்போயின, தெரிந்தே சொன்னது அந்தப் பொய் ஒன்று. அவள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு பழைய கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தேதி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். என் பெண்தான், சந்தேகமில்லை.

சக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு அங்குலத்தில் விற்கிற அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் 'பாவம்' என்று ஏரியிலோ ஆற்றிலோ விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, சொந்த ஊர் மீன்களுக்கு உலை வைத்துக்கொண்டிருக்கிறது.

காலித் தொட்டியில் ஃபில்டர் ஓடியது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டோம். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. மீனில்லாத தொட்டிக்குத் தீனி போடுகிற குடும்பத்தைப் பார்த்து எதிர் ஃபிளாட் மாமி வாயடைத்துப்போனார். டெஸ்ட் கிட்டின் சொட்டு மருந்தை விட்டு, கலர் பார்த்து மகள் நோட்டில் எழுதினாள். முதலில் அம்மோனியா ஏறியது. அப்புறம் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. பத்தொன்பதாம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினோம்.

"இப்ப வாங்கலாம்" என்றாள்.

எத்தனை? ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு பழைய தோராயக் கணக்கு. மீன் வளர்ந்தபின் வரும் நீளத்தைத்தான் எடுக்கவேண்டும். சின்ன மீன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். என் தொட்டிக்குப் பன்னிரண்டு அங்குலம். முதலில் மூன்று பிளாட்டி. இரண்டு வாரம் கழித்து நாலு கப்பி. ஒரேயடியாக விட்டால் மேஜையில் மறுபடி ஃபைல் குவியும்.

இரண்டுமே எங்கள் போர் தண்ணீர் மாதிரிக் கடினத் தண்ணீரைத் தாங்கும். அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீர் மீனான நியானுக்கு அது ஒத்துவராது. ஏஞ்சல் வளர்ந்தால் நியானையே விழுங்கும். கோல்டு ஃபிஷ் பெரிதாகும், அசுத்தமும் அதிகம். முதல் முறை நான் அமைத்தது கூட்டுக் குடும்பம் அல்ல, கூட்டணி ஆட்சி!

ஏழும் ஆண். திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. காரணம் இருக்கிறது: கப்பி குட்டி போடும் ஜாதி. ஒரு பெண் இருந்தால் மாதா மாதம் இருபது, முப்பது குட்டிகள். கூட்டு வட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சியின் கட்டளைகள் ஐந்து:

1. ஃபில்டரை ராத்திரி நிறுத்தாதே. பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். ஐந்து வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான்.

2. ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதே. தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

3. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து அப்புறம் ஊற்று.

4. தீனி தினம் ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரம் ஒரு நாள் விரதம்.

5. கரண்ட் போனால் தொட்டித் தண்ணீரையே டம்ளரில் மொண்டு, உயரத்திலிருந்து ஆற்று, காப்பி ஆற்றுகிற மாதிரி.

இன்னொன்றும் சொன்னார். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. வெயிலில் தண்ணீர் சூடானாலும் ஏறும். எனவே போர் தண்ணீர்க்காரர்களும் சென்னைவாசிகளும் 'கொஞ்சம்தானே அம்மோனியா' என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தண்ணீர், கோடவுன் தெளிவுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் நெருங்குகிறது. ஆபீஸ் விட்டு வந்ததும் டி.வி. போடாமல் அதன் முன்னால் கால்மணி உட்காருகிறேன். மனைவி காப்பியை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

போன மாதம் ஒரு காலை, கப்பி ஒன்று செடி ஓரமாகச் செத்துக் கிடந்தது. வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. வலையைக் கையில் எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு, போய் மகளை எழுப்பினேன்.

பார்த்தாள். கொஞ்சம் அழுதாள். தண்ணீரைச் சோதித்தாள், எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு பேருமாகத் துளசித் தொட்டியில் புதைத்தோம். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு எதிரே, பூஜ்யங்களுக்குப் பக்கத்தில், எழுதியிருந்தது:

'கப்பி 1 செத்துப்போச்சு. அப்பா சொன்னார்.'