மாட்டிக்கொண்ட பிட்: பலத்துக்கு முன் திசை

ரவுட்டர் மெஷினில் பிட் மாற்ற வேண்டும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தியதும் நட் இளகிவிடுகிறது. கையாலேயே சுற்ற முடிகிறது. ஆனால் பிட் அசையவில்லை. இழுத்தும் வரவில்லை, திருகியும் வரவில்லை. வீட்டில் தச்சு வேலை பழகும் பலர் இந்த இடத்தில்தான் சுத்தியலைத் தேடுகிறார்கள். நல்ல காலெட்டும், சில நேரம் மெஷினின் பேரிங்கும் வீணாவது இதனால்தான். மாட்டிக்கொண்ட எதையும் விடுவிக்கும் வழி அதன் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. எந்தத் திசையில் விசை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பலம் அதிகம் தேவைப்படாது.

பிடி எங்கிருந்து வருகிறது?

காலெட் என்பது நெடுகக் கீறல் விட்ட, ஸ்பிரிங் ஸ்டீலால் செய்த கூம்புக் குழாய். மெஷின் தண்டின் வாயும் அதே சாய்வில் கடையப்பட்டிருக்கும். நட்டை முறுக்க முறுக்கக் காலெட் அந்த வாய்க்குள் இறங்கும். கீறல்கள் நெருங்கி, பிட்டின் அடிப்பகுதியான ஷேங்க்கைச் சுற்றிலும் கவ்வும். நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று என்று சுழலும் பிட்டை இந்தக் கவ்வல்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் டம்ளர்கள் சமயத்தில் பிரிய மறுக்குமே, அதே கதைதான் இங்கும். நட் பின்வாங்கினாலும் கூம்பு கூம்பை விடாது.

அதனால்தான் பெரும்பாலான ரவுட்டர்களில் நட்டின் உள்விளிம்பு காலெட்டின் கழுத்தைப் பிடித்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். தளர்த்தும்போது நட் முதலில் இளகும். கொஞ்சம் லேசாகச் சுற்றி வந்து, மறுபடி இறுகும். மரை சிக்கிவிட்டது என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்த நொடியில்தான் நட் காலெட்டை வெளியே இழுக்கத் தொடங்குகிறது. அதே திசையில் ஸ்பேனரால் இன்னொரு முறை அழுத்துங்கள். ‘டிக்’கென்று இரண்டாவது இளக்கம் கையில் தெரியும். பிட் அப்போது வழுக்கிக்கொண்டு வரும்.

அவிழ்க்கும் முறை

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிட்டின் வெட்டு முனையைத் தடித்த துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பேனர் போடும் மெஷின் என்றால், அவற்றின் கைப்பிடிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்படி மாட்டி, ஒரே உள்ளங்கைக்குள் சேர்த்து அமுக்குங்கள். சட்டென்று இளகும்போது விரல் முட்டி எங்கும் போய் இடிக்காது.

சில சிறிய டிரிம்மர்களில் காலெட்டும் நட்டும் தனித்தனி. இரண்டாவது இளக்கத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. நட்டை முழுக்கக் கழற்றாமல் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, அதன் பக்கவாட்டில் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். ஒரு தட்டு, கால் சுற்று திருப்பல், மறுபடி ஒரு தட்டு. பிட்டின் மேல் அடிக்கவே கூடாது. அதன் கார்பைடு முனை கடினமானது, ஆனால் அடி பட்டால் தெறிக்கும்.

அப்படியும் வராவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு கீறல்களில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மறுபடி தட்டுங்கள். கேஸ் நெருப்பைக் காட்ட வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீலின் பதம் போய்விடும். எண்ணெய் விட்ட காலெட்டை தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓடும்போதே பிட் நழுவும்.

ஏன் மாட்டியது?

வெளியே வந்த ஷேங்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் படலம் இருந்தால் அது மரப் பிசினும் பிளைவுட் பசையும் சூட்டில் கருகியது. வளையம் வளையமாகக் கீறல் தெரிந்தால் பிட் உள்ளே நழுவிச் சுற்றியிருக்கிறது. நம் கடைகளில் 6 மி.மீ. பிட்டும் கால் அங்குலப் பிட்டும் கலந்தே கிடைக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு வலுக்கட்டாயமாக இறுக்கினால் காலெட் உருக்குலையும். பிட் பறந்து வந்து மேலே படவும் கூடும். ஆழமான கீறல் விழுந்த பிட்டையும் உருக்குலைந்த காலெட்டையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு காரணம், பிட்டை அடிமுட்டச் செருகுவது. இறுக்கும்போது காலெட் பிட்டையும் சேர்த்துக் கீழே இழுக்கும். பிட் ஏற்கெனவே தரை தட்டியிருந்தால் பிடி கோணலாகிவிடும். உள்ளே முட்டும்வரை செருகி, 2, 3 மி.மீ. வெளியே இழுத்த பிறகே இறுக்குங்கள்.

ஆப்பு கேட்கும் கூம்பு

பெஞ்ச் டிரில்லிங் மெஷினில் கதை வேறு. அங்கே டிரில் பிட்டைக் கவ்வும் சக்கைத் தண்டில் பிடித்திருப்பது 1860களில் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த கூம்பு. பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான் சாய்வு. சி.என்.சி. ரவுட்டர்களில் வரும் ஈ.ஆர். காலெட்டின் சாய்வு 8 டிகிரி. சாய்வு குறையக் குறையக் கூம்பு தானே பிடித்துக்கொள்ளும். மோர்ஸ் கூம்புக்கு நட்டே தேவையில்லை. அதை முறுக்கிக் கழற்ற முயல்வதும் வீண். சுழல் தண்டைக் கீழே இறக்கினால் பக்கத்தில் நீள்துளை தெரியும். டிரிஃப்ட் எனும் தட்டை ஆப்பை அதில் செருகி ஒரே ஒரு தட்டு தட்டினால் சக் கழன்று விழும். கீழே மரப்பலகை போட்டு, மறு கையால் சக்கைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டாமல் இருக்க

வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் மாதக்கணக்கில் உள்ளேயே விட்ட பிட் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பிட் இல்லாத காலெட்டை ஒருபோதும் இறுக்காதீர்கள். கீறல்கள் உள்நோக்கிச் சுருங்கிவிடும். ஈ.ஆர். காலெட் என்றால், அதை முதலில் நட்டுக்குள் ‘க்ளிக்’ என்று அமர்த்திவிட்டு, பிறகுதான் மெஷினில் மாட்ட வேண்டும். வரிசை மாறினால் நட் மட்டும் கழன்று வரும், காலெட் உள்ளேயே தங்கிவிடும்.

காலெட் தேயும் பொருள். உளிக்குச் சாணை பிடிப்பதுபோல் அதற்கும் பராமரிப்பு வேண்டும். அடுத்த முறை ரவுட்டரை எடுக்கும்போது, மரத்தில் வைப்பதற்கு முன் காலெட்டைக் கழற்றி, கீறல்களில் அடைந்திருக்கும் தூளைத் தட்டி, தண்டின் வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சில நிமிட வேலைதான். கருவிக்கும் கைக்கும் அதைவிட நல்ல காப்பு இல்லை.