தட்டிப் பார்த்து வாங்கணும் வள்ளத்தை!

எங்கள் புகுந்த வீட்டுக்கு உவரி சுயம்புலிங்க சுவாமிதான் குலதெய்வம். சின்னவனுக்கு மொட்டை போட பாளையங்கோட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போயிருந்தோம். முடி இறக்கி, பொங்கல் வைத்து முடித்ததும் பெரியவர்கள் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் விடுவார்களா? “கப்பல் பார்க்கணும்” என்று ஒரே பிடிவாதம். கப்பல் வடிவிலேயே கட்டியிருக்கும் கப்பல் மாதா கோயிலைக் காட்டினேன். “இது இல்லை, தண்ணியில போற கப்பல்!” என்றான் மொட்டைத்தலையன். சரியென்று கரைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே நீலச் சாயம் அடித்த ஒரு பைபர் வள்ளத்தை மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு அதன் அடிப்பாகத்தை ‘டொக் டொக்’கென்று தட்டிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னக்கா, பானை வாங்குற மாதிரி தட்டுறீங்க?” என்றேன்.

“பானை ஓட்டைன்னா சோறுதான் போகும் தாயி. இது ஓட்டைன்னா ஆளு போயிரும்ல்லா?” என்றார் அவர்.

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அவர் சிறுமியாக இருந்த காலத்தில் எல்லாம் கட்டுமரம்தான். “மரம்” என்றாலே போதும், அது கட்டுமரத்தைத்தான் குறிக்கும். அல்பீசியா, மலைவேம்பு, இலவு போன்ற கனமில்லாத மரத்தடிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். ஓர் ஆணி கிடையாது. உள்ளே குழிவு இல்லாததால் தண்ணீர் தேங்கி முழுகும் என்ற பயம் இல்லை. அலை மேலே ஏறினாலும் தடிகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அலை அடிக்கும் இந்தத் திறந்த கரைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்? வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். நம்முடைய ‘கட்டுமரம்’தான் ஆங்கிலத்தில் ‘காட்டமரான்’ ஆயிற்று. அவர்கள் இன்று அந்தப் பெயரால் அழைப்பது இரட்டை உடல் கொண்ட படகை. அது வேறு கதை!

ஆனால் கட்டுமரத்துக்குத் தாகம் அதிகம். மெதுமரமாயிற்றே, தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் கனத்துப் போகும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியே பிரித்து மணலில் காயப் போடவேண்டும். “நாம துணி காயப்போடுற மாதிரிதான். எங்கம்மா மழை இருட்டினா முதல்ல மரத்தைத்தான் பார்ப்பா, அப்புறந்தான் வத்தல்” என்றார். இந்த உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் அந்தக் கட்டுமர வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து படிக்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் பைபர் வள்ளங்கள் நிறைய வந்தன. கட்டுமரங்கள் குறைந்துகொண்டே போயின. இந்த அம்மாள் வீட்டிலும் வள்ளம்தான். முதல் வள்ளத்துக்கு அவருடைய ஏழு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. “கழுத்துல கிடந்தது கடல்ல கிடக்கு. அப்ப நான் பார்த்துத்தானே வாங்கணும்? அவுக என்ஜினைத்தான் பார்ப்பாக. நான் உடம்பைப் பார்ப்பேன்.”

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். நாணயத்தால் தட்டிக்கொண்டே போகும்போது ‘டிங்’கென்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. திடீரென்று ‘பொத்’தென்று சத்தம் மந்தமானால், உள்ளே கண்ணாடி நார் அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். கவிழ்த்துப் போட்டு, நல்ல வெயிலில் உள்ளே குனிந்து பார்க்கவேண்டும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தடிமன் குறைச்சல். கையால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் ரெசின் வாடை இரண்டும் இருந்தால் சரியாக இறுகவில்லை, வேண்டாம். என்ஜின் மாட்டும் பின்பலகை ஓரத்தில் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பைபர் தண்ணீரைவிடக் கனமானது. உட்காரும் பலகைகளின் அடியிலும் முனையிலும் அடைத்த அறைகளில் நுரைப் பொருள் இருந்தால்தான், தண்ணீர் நிரம்பினாலும் வள்ளம் மிதக்கும். சிக்கனம் பார்த்து அதை அடைக்காமல் வெறுமனே மூடிவிடுபவர்களும் உண்டாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். குமரி மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இவருடைய நாத்தனார் கணவர் திரும்பினார். கவிழ்ந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஒரு ராத்திரி, ஒரு பகல்.

“அந்த நுரைதான் தாயி அவரு உசுரு” என்றார். அதன்பிறகு பேச்சு சற்று நேரம் எழவில்லை.

வள்ளத்துக்குள் என்னென்ன இருக்கவேண்டும்? என்ஜின் இருந்தாலும் துடுப்பு கட்டாயம். நங்கூரம், உபரிக் கயிறு, தண்ணீர் இறைக்க வாயகன்ற பிளாஸ்டிக் குடுவை, டார்ச், விசில், பாலிதீன் பையில் சுற்றிய போன். குடிதண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. பிறகு லைஃப் ஜாக்கெட். ஒக்கிக்கு முன்னால் அதை அவர் கணவர் தலையணையாகத்தான் வைத்திருந்தாராம்! இப்போது போடாமல் கிளம்பினால் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுப்பதில்லை.

இந்த ஜாக்கெட் விஷயம் நமக்கும் உபயோகப்படும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும்போது குழந்தைக்குப் பெரியவர்கள் அளவை மாட்டிவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். மாட்டிய பிறகு குழந்தையைக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். மோவாய், காது வரை ஏறி வந்தால் அது பெரிசு. தண்ணீரில் குழந்தை நழுவிவிடும். சின்ன அளவு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கொக்கி எல்லாம் போட்டிருக்கவேண்டும். சொந்தமாக வைத்திருப்பவர்கள் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவேண்டும். அதன்மேல் உட்காரவே கூடாது. உள்ளேயிருக்கும் நுரை நசுங்கிவிடும்.

பராமரிப்பு என்றால் முதல் வேலை உப்பைக் கழுவுவது. வள்ளத்தையும் என்ஜினையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். விரிசல் கண்டால் சுரண்டி, ரெசின் பூசி, நார்ப்பாய் ஒட்டுவார்கள். இங்கேதான் இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித்தூள் பட்டால் அரிப்பு தாங்காது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. வேலை செய்தவர் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. ரெசினை இறுகச் செய்யும் திரவம் கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிஷம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அதையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. மூத்தவனுக்கு 2 வயதிருக்கும்போது கலர் பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டான். நல்லவேளை, மாமியார் பார்த்துவிட்டார். குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறோம் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் கொடுக்கவேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான்.

இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் ‘கயாக்’ என்று ஒன்று ஓட்டுகிறார்களே, ராமநாதபுரம் காரங்காட்டு அலையாத்திக் காட்டில்கூட வாடகைக்குக் கிடைக்கிறதே, அதைப் பற்றி அந்த அக்காவிடம் சொன்னேன். வடதுருவப் பனிநாட்டு மக்களின் படகு அது. கிரீன்லாந்துப் பக்கம் ஓட்டுபவர் உடம்பையே அளவாக வைத்துச் செய்வார்களாம். கைகளை விரித்த நீளத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், இடுப்பகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்து அகலம். சட்டம் கட்டுவது ஆண்கள். சீல் தோலைத் தண்ணீர் புகாமல் தைத்துப் போர்த்துவது பெண்கள். தையலில் ஒரு இழை பிசகினால், பனிக்கடலில் புருஷன் கதி என்ன?

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “அங்கேயும் பொம்பளைதான் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கா” என்றவர் நாணயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். வள்ளத்துக்குள் கிடந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்து என் மொட்டைத்தலையனுக்கு மாட்டிவிட்டார். முழங்கால் வரை தொங்கியது. “கையைத் தூக்குல மக்கா” என்று தோளைப் பிடித்து இழுத்தார். அவன் தலை முழுவதும் உள்ளே போய்விட்டது.

“பார்த்தீங்களா? இது இவனுக்கு ஆகாது” என்றார்.